சவுரிமுத்து அனுப்பிய மூன்று லாரிகள்

“எங்க அண்ணனைக் கண்டுபிடிச்சுக் கொடுக்கணும் சார். அவர் கையால செஞ்சது இது மூணும். இதைத் தவிர எங்ககிட்ட வேற துப்பு இல்லை.”

செல்வமேரி ஒயர்கூடையிலிருந்து மூன்று சின்ன லாரிகளை எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தாள். தட்டச்சு செய்துகொண்டிருந்த யூனிஸின் விரல்கள் அப்படியே நின்றன.

ஸ்ரீரங்கன் வாகன இன்ஷூரன்ஸ் சர்வேயர். அடிபட்டு வரும் வண்டிகளின் நசுங்கலைப் பார்த்தே, விபத்து நடந்த விதத்தில் யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடுவார் என்பது கிழக்குத் தாம்பரத்தில் பலருக்குத் தெரியும். ஓய்வு நேரத்தில் அவர் மாடல் கார்கள் செய்வார் என்பது சிலருக்குத்தான் தெரியும். அவரிடம் ரிப்போர்ட் தட்டச்சு செய்ய வந்த யூனிஸுக்கும் மூன்று வருடங்களில் அந்தப் பைத்தியம் தொற்றிவிட்டது. அன்று காலைகூட உப்புத்தாளால் ஒரு ஃபியட் மாடலின் கூரையைத் தேய்த்துவிட்டுத்தான் வேலையில் உட்கார்ந்திருந்தாள்.

“முதல்லேர்ந்து சொல்லுங்கம்மா,” என்றார் ஸ்ரீரங்கன்.

செல்வமேரி சொன்னாள். அண்ணன் சவுரிமுத்து லாரி டிரைவர். அவளுக்குக் கல்யாணம் முடிந்த அடுத்த மாதம், எண்பத்தொன்பது தொடக்கத்தில், வடநாட்டு லைனில் வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை. கடிதமும் கிடையாது. ஆனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு பார்சல் வரும். அதில் ஒரு மாடல் லாரியும், ‘இப்ப ஓட்டுற வண்டி இதுதான். நல்லா இருக்கேன்’ என்று ஒரு துண்டுச் சீட்டும் இருக்கும்.

“முதல் பார்சல் விஜயவாடா முத்திரை. அடுத்த ரெண்டும் நாக்பூர். இந்தத் தடவை சீட்டுல இப்படி எழுதியிருக்கார் சார்.”

யூனிஸ் சீட்டை வாங்கிப் படித்தாள். ‘இதுதான் கடைசி வண்டி. இனிமேல் அனுப்ப மாட்டேன். தேட வேண்டாம்.’

“அம்மா பத்து நாளா சரியாச் சாப்பிடலை,” என்றாள் செல்வமேரி. “அப்பா நான் சின்னப் பொண்ணா இருக்கும்போதே இருமி இருமிப் போய்ட்டார். அண்ணனும் ஏதாவது பண்ணிக்கிட்டா அம்மா தாங்க மாட்டாங்க.”

“வீட்ல யார் யார் இருக்கீங்க?”

“நான், அம்மா, எங்க வீட்டுக்காரர் தாவீது. அவர் லாரி புக்கிங் ஆபீஸ்ல கிளார்க். முன்னாடி பெருங்களத்தூர்ல இருந்தோம். போன ஆவணியில செம்பாக்கத்துல சொந்தமா வீடு கட்டிப் போனோம்.”

“அண்ணனுக்கு ஏதாவது அடையாளம்?”

“கிளீனரா இருந்தப்போ தார்ப்பாய் கட்டுறப்ப மேலேர்ந்து விழுந்துட்டார். இடது பக்கம் கழுத்துக்குக் கீழ இருக்கிற காறை எலும்பு உடைஞ்சு கோணலாச் சேர்ந்துடுச்சு. அந்தத் தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும்.”

பார்சல் சுற்றியிருந்த தாள்களையும் வாங்கி வைத்துக்கொண்ட ஸ்ரீரங்கன், “லாரிகளைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்க்க வேண்டியிருக்கும். பரவாயில்லையா?” என்று கேட்டார். செல்வமேரி தயங்கித் தலையாட்டிவிட்டுப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் யூனிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “நாக்பூர்ல இருக்கிற லாரி ஆபீஸுக்கெல்லாம் ஒரு லெட்டர் போடலாமா சார்?”

“அவசரப்படாதே. முதல்ல பெயின்ட்டைப் பார்.”

பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்த யூனிஸுக்குப் பொறாமையாக இருந்தது. எனாமல் பெயின்ட் கண்ணாடிபோல் படிந்திருந்தது. தூரிகைத் தடம் இல்லை, ஒரு தூசு இல்லை. “குறைஞ்சது அஞ்சு கோட்டிங் சார். ஒவ்வொண்ணும் காய்ஞ்சு, தேய்ச்சு, மறுபடி அடிச்சு... எனக்கு இன்னும் இது வரலை.”

“ஒரு கோட்டிங் காய ஒரு நாள் ஆகும். அதுவரைக்கும் மூடி வைக்கணும். ராத்திரி பகலா ஓடுற லாரியில, அந்தப் புழுதியில இதைச் செய்ய முடியுமா?”

“முடியாது. அப்போ அவர் ஒரே இடத்துல உட்கார்ந்திருக்கார்!”

“சரி. இப்ப அளவு. நாம இருபத்துநாலில் ஒரு பங்கு, இல்லைன்னா நாற்பத்துமூணில் ஒரு பங்குன்னு செய்யறோம். இது ஐம்பதில் ஒரு பங்கு. ஏன்?”

யூனிஸ் ஸ்கேலை வைத்து அளந்தாள். வண்டி ஒரு சாணுக்கும் குறைவுதான். டயர் சரியாக இரண்டு சென்டிமீட்டர். நிஜ லாரி டயர் ஒரு மீட்டர். அவள் நிமிர்ந்தாள். “டயர் முதல்ல கிடைச்சிருக்கு. அதுக்குத் தகுந்த அளவுல மீதி வண்டியைச் செஞ்சிருக்கார்.”

“அப்படின்னா அந்த டயர் என்ன?”

சாம்பல் நிற ரப்பர். விளிம்பில் மட்டும் கறுப்புப் பெயின்ட். நடுவில் ஒட்டியிருந்த தகரத் தொப்பியை ஸ்ரீரங்கன் பிளேடால் மெல்ல நெம்பி எடுத்தார். ரப்பரின் மையத்தில் ஊசி குத்திய ஒரு சின்னத் துளை. வேறொரு சக்கரத்திலும் அதே துளை.

“ஊசி மருந்து புட்டியோட மூடி!” என்று யூனிஸ் கத்தியேவிட்டாள். “ஸ்டெப்னியோட சேர்த்து ஒரு லாரிக்கு ஏழு. மூணு லாரிக்கு இருபத்தொண்ணு.”

“ஒரே மாதிரி மூடி, மூணு வருஷமா. முன் கண்ணாடியைப் பார். லேசா நீலமா இருக்கா?”

“கூலிங் ஃபிலிம்னு நினைச்சேன்.”

ஸ்ரீரங்கன் முதல் லாரியைக் கையில் எடுத்தார். அதன் சுமைத்தட்டில் மரப்பலகை மாதிரி அடித்திருந்த பழுப்புப் பெயின்ட் ஒரு மூலையில் உரிந்திருந்தது. அதன் கீழே பளபளவென்று கறுப்பு. தட்டை முழுதாகக் கழற்றி, பெயின்ட்டை நகத்தால் உரித்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து யூனிஸிடம் நீட்டினார்.

விலா எலும்புகள் தெரிந்தன. மேலே கோணலாகச் சேர்ந்த ஒரு காறை எலும்பு. அதன் கீழே பஞ்சை வைத்ததுபோல ஒரு வெள்ளைப் படலம். ஓரத்தில் 1989 என்ற எண்.

“நீலக் கண்ணாடியும் எக்ஸ்ரே பிலிம்தான். மருந்தைக் கழுவிட்டா அந்த நிறம் வந்துடும்,” என்றார் அவர்.

யூனிஸ் பிலிமைக் கண்ணுக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனாள். “அவரோட நெஞ்சு. அப்பாவுக்கு வந்த அதே நோய், டி.பி. சார், கடைசி லாரிலயும் பார்க்கலாமா?”

அதிலும் இருந்தது. அதே கோணல் எலும்பு. ஓரத்தில் 1991, நவம்பர். எலும்புக்குக் கீழே பஞ்சு இல்லை.

“நான் டாக்டர் இல்லை,” என்றார் ஸ்ரீரங்கன். ஆனால் அவர் குரல் இளகியிருந்தது. “நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் எல்லாரையும் வீட்ல இருக்கச் சொல்லு. அதுக்கு முன்னாடி பார்சல் தாளை ஒரு தடவை நிதானமாப் படிச்சுப் பார்.”

மறுநாள் செம்பாக்கம் வீட்டின் முன்னறையில் செல்வமேரியின் அம்மா அம்மணி தரையிலும், மகள் அவள் பக்கத்திலும், தாவீது கதவோரத்திலும் இருந்தார்கள். சுவரில் சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை.

ஸ்ரீரங்கன் பெயின்ட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சொன்னார். எக்ஸ்ரே துண்டுகளை அவர் எடுத்துக் காட்டியபோது செல்வமேரி வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மணி மட்டும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா சார் சொல்றீங்கோ? எம்புள்ள நாக்பூர்ல இல்லியா?”

“இல்லைம்மா. மாசக்கணக்கா தினம் ஊசி போடுற இடம், நெஞ்சு படம் எடுக்கிற இடம். இந்தப் பக்கத்தில் அது சானடோரியம் டி.பி. ஆஸ்பத்திரிதான். ஆனா வேற ஊர் ஆஸ்பத்திரியாவும் இருக்கலாமேன்னு நீங்க கேட்கலாம். அதுக்கு யூனிஸ் பதில் சொல்வாள்.”

யூனிஸ் மூன்று பார்சல் தாள்களையும் தரையில் விரித்தாள். “முதல் ரெண்டும் பெருங்களத்தூர் முகவரிக்கு வந்தது. மூணாவது நேரா இந்த வீட்டு முகவரிக்கு. இந்த வீட்டுக்கு நீங்க வந்ததே ஆகஸ்ட்லதான். மூணு வருஷமா ஒரு தொடர்பும் இல்லாதவருக்குப் புது கதவு எண் எப்படித் தெரியும்? யாரோ சொல்லியிருக்காங்க. அவங்களே பார்சலை நாக்பூர் போற லாரியில கொடுத்து, அங்கே தபால்ல போடச் சொல்லியிருக்காங்க. அப்படின்னா பார்சல் கிளம்பினதே இந்த ஊர்லேர்ந்துதான். அனுப்பினது தினமும் டிரைவர்களோட பழகுற ஒருத்தர்.”

செல்வமேரி மெதுவாகத் திரும்பித் தன் கணவனைப் பார்த்தாள்.

“நான்தான் மேரி,” என்றான் தாவீது.

“மூணு வருஷமா நான் அழுததைப் பார்த்துக்கிட்டு...” என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“கல்யாணத்துக்கு முந்தியே மச்சான் என்கிட்ட வந்து சொல்லிட்டார். ‘எனக்கு இந்த நோய் இருக்கு, வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க’ன்னார். நோய் உங்களுக்குத்தானே, அதுக்கு ஏன் கல்யாணம் நிக்கணும்னு நான் கேட்டேன். அப்போதான் பைபிள்மேல கையை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினார். அத்தைக்கு மட்டும் தெரியவே கூடாதுன்னு. மாமாவை அந்த வார்டுலேர்ந்து தூக்கிட்டு வந்தப்போ, இன்னொரு தடவை இந்தக் கேட்டுக்குள்ள வந்தா நான் உசுரோட திரும்ப மாட்டேன்னு அத்தை சொன்னாங்களாம்.”

“அதுக்கு மூணு வருஷமா?” என்று கேட்டாள் யூனிஸ்.

“ஆறு மாசத்துல நல்லாயிட்டமாதிரி இருந்துதுன்னு மருந்தை நிறுத்திட்டார். மறுபடி வந்துடுச்சு. ரெண்டாவது தடவை ரொம்பக் கஷ்டம். போன மாசம்தான் சளி டெஸ்ட் எல்லாம் நெகடிவ்னு சொன்னாங்க. நாளைக்கு டிஸ்சார்ஜ்.”

“அப்புறம் ஏன் இது கடைசி வண்டி?” என்றார் ஸ்ரீரங்கன்.

தாவீது தலையைக் குனிந்துகொண்டான். “நாளைக்குச் சாயங்காலம் நிஜமாவே நாக்பூர் லாரியில ஏறப் போறார் சார். லாரி ஓட்டினா மறுபடி படுத்துடுவீங்கன்னு டாக்டர் திட்டினார். கேட்கலை. இத்தனை நாள் சொன்ன பொய்யை எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு மாத்திச் சொல்றது, அதையே உண்மையாக்கிட்டுப் போறேங்கறார்.”

அம்மணி எழுந்தாள். கொடியிலிருந்த சேலையை எடுத்து உதறினாள். “மாப்ளே, ஆட்டோ ஒண்ணு கூப்டு.”

“அத்தே, அந்த ஆஸ்பத்திரிக்குள்ள நீங்க...”

“எம்புள்ள அங்க கீறான்றே. பின்ன நான் எங்க போவேன்?”

ஐந்து பேரும் போய்ச் சேர்ந்தபோது சானடோரியத்தில் பார்வையாளர் நேரம் தொடங்கியிருந்தது. வார்டுக்கு வெளியே வேப்பமரத்தடி சிமென்ட் பெஞ்சில் இடது தோள் இறங்கிய ஒருவன், தகர மூடியில் ஊற்றிய பெயின்ட்டைக் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தான். தாயைப் பார்த்ததும் துள்ளி எழுந்து, பழக்கத்தில் துண்டால் வாயை மூடிக்கொண்டு இரண்டடி பின்னால் போனான்.

அம்மணி நிற்கவில்லை. நேராகப் போய் அந்தத் துண்டை இழுத்தாள்.

“கிட்ட வராதம்மா...”

“நல்லாயிட்டேன்னு டாக்டரு சொன்னாராமே. நீ இன்னா அவருக்கு மேல டாக்டரா?” அவள் அவன் கன்னத்தைத் தடவினாள். பிறகு அதே கையால் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். “பஸ்ல எத்தினி தபா இந்தக் கேட்டத் தாண்டிக்கினு போயிருப்பேன்! உள்ள குந்திக்கினு எனக்கு வண்டி வண்டியா பொய் செஞ்சி அனுப்பிகீறே!”

செல்வமேரி அண்ணனின் தோளில் சாய்ந்து அழுதாள். தாவீது தள்ளியே நின்றான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

“நாளைக்கு லாரியில வரேன்னு வாக்கு கொடுத்துட்டேன்மா,” என்றான் சவுரிமுத்து தயக்கமாக.

ஸ்ரீரங்கன் தொண்டையைச் செருமினார். “விபத்துக் கேஸ்ல கோர்ட்டுக்கு வண்டி மாடல் செஞ்சு கொடுக்க எனக்கு ஒரு ஆள் தேவைப்படுது. இவ்வளவு சுத்தமா பெயின்ட் அடிக்கிற கை இந்தப் பக்கத்துல எனக்குக் கிடைக்கலை.”

“எனக்கும் அஞ்சு கோட்டிங் அடிக்கக் கத்துத் தரணும்,” என்று யூனிஸ் முந்திக்கொண்டாள்.

சவுரிமுத்து அம்மாவைப் பார்த்தான்.

“லாரிலதான் போவேன்னா போ,” என்றாள் அம்மணி. “ஆனா கிளீனரு சீட்ல நான் குந்திக்கினு வருவேன். நாக்பூர் வரிக்கும் உன்னத் திட்டிக்கினே வருவேன்.”

சவுரிமுத்து சிரித்துவிட்டான். பெரிய சிரிப்பு. பக்கத்து பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்து முடித்து, இருமல் இல்லாமல் மூச்சு முழுதாக உள்ளே போய் வெளியே வந்ததும், நாளைக்கு லாரி இல்லை, வீட்டுக்குத்தான் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு வர வார்டுக்குள் வேகமாக நடந்தான்.