முகத்தை மூடவிடாத படம்

இல்-பிசார் தீவில், வாடிக்கையாளன் பற்றிக்கின் பழைய வீட்டுக்கு நாங்கள் போனபோது பிற்பகல். 1994 நவம்பர்; பனி தூறிக்கொண்டிருந்தது. செத்துப்போன தன் தகப்பன் வைத்திருந்த படச்சுருள் ஒன்றை வீடியோவில் ஏற்றித்தரக் கேட்டிருந்தான். நான் கலியாண வீடியோ எடுப்பவன், இதுவும் செய்வேன்.

நிலக்கீழ் அறையின் சுவர் மரப்பலகை. வழக்கம்போல என் கலியாண வேட்டியைக் குண்டூசியால் குத்தித் திரையாக்கினேன்; அதில் ஓடும் படத்தை வீடியோக் கமராவால் பிடிப்பேன்.

“உங்களைவிடச் சுவருக்குத்தான் வேட்டி வடிவாயிருக்கு,” என்றாள் என் மனைவி நிருஷா.

பற்றிக் சிரிக்கவில்லை. “முகங்கள் தெளிவாக விழவேண்டும். சனிக்கிழமை எங்கள் கம்யூனிச எதிர்ப்புக் கூட்டத்தில் போடப்போகிறேன்.”

விளக்கை அணைத்தோம். போர்க்காலத்து ஜெர்மன் பிரசாரப் படம். குழியிலிருந்து எடுத்த உடல்கள் வரிசையாய்க் கிடந்தன. எல்லோரையும் கம்யூனிஸ்டுகள் கொன்றதாகக் குரல் சொல்கிறது என்றான் பற்றிக். கொன்றிருப்பார்கள். தாங்கள் கொன்று நிரப்பிய குழிகளை மட்டும் படமெடுத்தவர்கள் காட்டாமல் விட்டார்கள்.

சுற்றி நின்ற பெண்களில் ஒருத்தி தலைத்துணியை அவிழ்த்து ஒரு முகத்தை மூடினாள். சிப்பாய் ஒருவன் தடியால் அதைத் தட்டிவிட்டான். கமராவுக்காக.

நிருஷா என் கையை இறுக்கினாள். ஊரில், கோண்டாவிலில், அவளுடைய அண்ணனை ஓர் ஆயுத இயக்கம் சுட்டது. இன்னொரு இயக்கம் அவனைச் சந்தியில் கிடத்திப் படமெடுத்தது. தாய் போர்த்த வந்த துணியைப் பிடுங்கி எறிந்தார்கள். அந்த வீடியோக் கசற்றை ஊரூராய்ப் போட்டுக் காட்டினார்கள்.

“நிப்பாட்டுங்கோ,” என்றாள்.

“இன்னும் கொஞ்சம்தான், பொறும்.”

அவள் எழுந்தாள். “மூடுங்கோடா! அந்த முகத்தை மூடுங்கோடா!”

ஜெர்மன் குரல் நின்றது. படம் ஓடியது. தோண்டிய மண்ணின் வாடை வந்தது.

குண்டூசி ஒன்று தரையில் விழுந்தது.

பிறகு மற்றவை.

நழுவிய வேட்டியைப் பிடித்தேன். மறுமுனையை யாரோ இழுத்தார்கள்.

சுவருக்குள்ளிருந்து.

“விடுங்கோ,” நிருஷா கிசுகிசுத்தாள்.

விட்டேன். வேட்டி தரையில் விழவில்லை. வெறும் பலகையில் படம் மங்கலாய்த் தெரிந்தது. அந்த முகத்தின் மேல் கரைபோட்ட வெள்ளைத்துணி, என் வேட்டி. சிப்பாய் குனிந்து இழுத்தான். வரவில்லை. படத்திலிருந்த பெண்களெல்லாம் எங்கள் பக்கம் திரும்பித் துணி கேட்டுக் கைநீட்டினார்கள்.

பற்றிக் அலறியபடி புரொஜெக்டரின் மின்வயரைப் பிடுங்கினான்.

படம் ஓடியது.

“பொறுங்கோ. வரிசைக் கடைசியிலை...” நிருஷா தன் சால்வையைக் கழற்றினாள். “அண்ணை கிடக்கிறார்.”

அவள் சுவரோடு குந்துவதைக் கண்டேன். பிறகு எல்லாம் இருண்டது.

விளக்கைப் போட்டேன். சால்வை எங்கும் இல்லை. அவளுடைய நகங்களுக்குள் ஈரச் செம்மண், கோண்டாவில் மண்.

தினமும் தேய்த்துக் கழுவுகிறாள். விடியும்போது மறுபடியும் இருக்கிறது, ஈரம் காயாமல்.