நாலாம் திருத்தம்

மூன்று நாளாகியும் அந்தக் கைநாட்டு காயவில்லை.

மதியச் சாப்பாடு முடிந்து வந்து பதிவேட்டைத் திறந்த குருநாதனின் விரலில் நீல மை ஒட்டியது. கல்லல் பக்கத்து நூல் மில்லில் இயந்திர வரைபடங்களைக் காப்பது அவன் வேலை. வரைபடம் திருத்தப்படும்போதெல்லாம் திருத்த எண்ணைப் பதிவேட்டில் ஏற்றி, பழைய தாளை வாங்கிக் கிழித்து, புதியதைக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்துப் போடத் தெரியாத ஃபிட்டர் அல்லாபிச்சை கைநாட்டு வைப்பார்.

நீராவிக் குழாயின் நாலாம் திருத்தம் பத்து நாளாக இவன் மேசைக்குள்ளேயே கிடந்தது. சோம்பல், வேறென்ன. கையிலிருந்த பழைய மூன்றாம் திருத்தத்தை நம்பி வால்வைத் திறந்த அல்லாபிச்சை வெந்து செத்தார். பிணவறைக்குப் பதிவேட்டோடு போய், செத்தவரின் கட்டைவிரலில் மை தடவி, நாலாம் திருத்தத்துக்கு நேரே அழுத்திக்கொண்டு வந்துவிட்டான் இந்தப் பாவி. பழி செத்தவர் தலையில் விழுந்தது. மூன்று மணிக்கு விபத்தை விசாரிக்க இன்ஸ்பெக்டர் வருகிறார். பதிவேடு சரியாக இருந்தால் தப்பினான், இல்லாவிட்டால் ஜெயில்.

காலையில் அல்லாபிச்சையின் தம்பி அமீர் ஹம்சா வந்திருந்தார். சத்தமே போடவில்லை.

"அண்ணனைக் குளிப்பாட்டையில கட்டைவெரல்ல நீல மை இருந்துச்சு. எம்புட்டுத் தேச்சும் போகல. நான் ஒண்ணும் கேக்க வரல. அண்ணனே வந்து கேட்டுக்கிருவாக."

குருநாதன் மை ஒற்றும் தாளை வைத்து அழுத்தினான். தாள் நீலமாக ஊறியது, எடுத்ததும் கைநாட்டு மறுபடி மினுமினுத்தது. பூட்டிய ஜன்னல்களுக்குள் சித்திரை வெக்கையையும் மீறி, வெள்ளாவியில் துணி வேகும் வாடை அலமாரிகளுக்குப் பின்னாலிருந்து மெல்லக் கசிந்து வந்தது, கூடவே எங்கோ ஆவி சீறும் சன்னமான ஓசை. பாய்லரை நிறுத்தி மூன்று நாளாகிறது.

பக்கத்தைப் புரட்டினான். அங்கும் கைநாட்டு. அடுத்த பக்கத்திலும். எல்லாம் ஈரம்.

கடைசிப் பக்கம். சிவப்பு மையில், அவன் கையெழுத்திலேயே, அவன் எழுதாத வரி.

திருத்தம் ஐந்து. பெற்றவர்: குருநாதன்.

எதிரே கட்டம் காலி.

வாடை முதுகுக்கு வந்துவிட்டது. கொதிக்கும் கை ஒன்று அவன் இடது கட்டைவிரலைப் பிடித்தது. கத்த வாயைத் திறந்தான், ஆவி தொண்டைக்குள் போனது. விரல் கட்டத்துக்கு நேரே நகர்ந்தது. அழுத்தியது.

வெளியே இன்ஸ்பெக்டர் கதவைத் தட்டினார்.

விரலைத் தூக்கியபோது தோல் தாளிலேயே தங்கிவிட்டது, ரேகை கலையாமல்.

கீழே புதிதாக ஒரு வரி. திருத்தம் ஆறு. பிடி அடுத்த விரலுக்கு மாறியது.