கோதுமை நிறத்தில் ஒரு சதி

"எதையோ தின்னிருக்கே நீ—"

"நான் எதையும்—"

"தின்னாம எப்படி வயிறு—"

"—தின்னலைங்கறேன். காதுல விழலையா?"

"கத்தாதே. பக்கத்துக் கேபின்ல அம்மா இருக்காங்க."

"வயித்துக்குள்ள ரம்பம் ஓடுது எனக்கு. கத்தாம தாலாட்டா பாடுவாங்க?"

குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள் அவள். கப்பல் ஆடவில்லை. எண்ணெய் தடவி வாரிய தலை மாதிரி கடல் படிந்து கிடந்தது.

ஆடியது அவள்தான்.

பயணத்தின் மூன்றாவது நாள். காலை பத்து மணி.

கட்டிலில் உட்கார்ந்திருந்த கணவன் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டான். வக்கீல். எதிர்த்தரப்புச் சாட்சியைத் தோலுரிக்கும்போதுகூடக் குரல் உயராது. இப்போதும் உயரவில்லை.

"யோசிச்சுப் பாரு. உனக்குன்னு தனிச் சமையல். தனித் தட்டு. தலைமைச் சமையல்காரர் கையெழுத்துப் போட்டு அனுப்பறாரு. அதுல கோதுமை இல்லை. ஆனா உனக்கு வயிறு வலிக்குது. இதுக்கு என்ன அர்த்தம்?"

"எங்கேயோ கலக்குதுன்னு அர்த்தம்."

"இல்லை. வலி வயித்துல இல்லை. இங்கே."

தன் நெற்றிப்பொட்டைத் தட்டிக் காட்டினான்.

"ஊருக்குப் போனதும் மனு போடறேன். கப்பல் டாக்டர்கிட்ட ஒரு சீட்டு வாங்கிட்டாப் போதும். மனநிலை சரியில்லாத அம்மாகிட்ட ஆறு வயசுப் பொண்ணை எந்த நீதிபதியும் விட மாட்டாரு. குழந்தை எங்கம்மாகிட்ட வளரட்டும்."

"அவளுக்கும் இதே நோய் இருக்கு."

"நீ சொல்றே."

"ரத்தம் சொல்லுது. நானே பரிசோதிச்சேன்."

"அதைத்தான் நானும் கோர்ட்ல சொல்லப் போறேன். நீயே பரிசோதிச்சேன்னு."

கதவு திறந்தது. மாமியார். கையில் பாதி கடித்த பிஸ்கட்.

"என்னடா, மறுபடியும் ஆரம்பிச்சுட்டாளா? இத்தனை நாள் பத்தியம் பத்தியம்னு உசிரை வாங்கினா. இப்பப் பாரு, பத்தியத்துக்குக் கொம்பு முளைச்சுப் பைத்தியமாயிடுச்சு."

"அத்தை..."

"ரெண்டு பிஸ்கட் குடுத்தா அந்தக் குழந்தை செத்தா போயிடும்? என்கிட்ட வரட்டும். ஒரே மாசத்துல எல்லாம் தின்னப் பழக்கிடறேன்."

அவளுக்கு அழுகை வந்தது. விழுங்கினாள். மூன்று நாளில் கோதுமை இல்லை என்று உறுதியாகச் சொல்லி விழுங்க முடிந்தது அது ஒன்றைத்தான்.

சீலியாக் நோய் அவளுக்கு. கோதுமையில் இருக்கும் குளூட்டன் ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் போதும். உடம்பு தன் குடலைத் தானே அரித்துக்கொள்ளும். புடவை விளம்பரத்தில் வருகிற கோதுமை நிறம் அவளுடையது. கல்யாணத்தன்று அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்கள்தான் இவர்கள்.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். ஊரார் ரத்தத்தையெல்லாம் படிப்பவள், தன் ரத்தத்தைப் படிக்காமல் இருப்பாளா? எட்டு மாதமாக நோயைக் காட்டும் எண்கள் ஏறிக்கொண்டே இருந்தன. வீட்டில் ஒரு பருக்கை கோதுமையை அவள் தொட்டதில்லை. ஆனாலும் ஏறின.

மாமியார் மேல் சந்தேகம். மாமியாரின் கை எட்டாத ஒரு சமையலறை வேண்டும்... அதற்காகத்தான் குழந்தையை அக்கா வீட்டில் விட்டுவிட்டு இந்தக் கப்பல் பயணத்துக்கே தலையாட்டினாள்.

இங்கே மாமியாருக்குக் கரண்டியே கிடையாது.

ஆனாலும் வலி வந்துவிட்டதே... எப்படி?

*

"என் சமையலறையில கோதுமை கலந்துச்சுன்னு சொன்னீங்கன்னா, மேடம், நான் இப்பவே கடல்ல குதிச்சிடறேன்."

தலைமைச் சமையல்காரர் மலை மாதிரி நின்றார். கப்பலில் அவருக்கு 'ஊதா' என்று பட்டப்பெயர். ஒவ்வாமை உள்ளவர்களுக்கென்றே ஊதா நிறத்தில் ஒரு வெட்டும் பலகை, ஊதாப் பிடி போட்ட கத்தி, தனி வாணலி. தட்டை மூடி, மூடியின் ஓரத்தில் ஊதாத் தாள் ஒட்டித்தான் வெளியே அனுப்புவார். சாப்பிடுகிறவர் கண் முன்னால்தான் அந்தத் தாள் கிழியும்.

"குதிக்கிறதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க."

கைப்பையிலிருந்து குளூட்டனைக் காட்டிக்கொடுக்கும் சோதனைப் பட்டைகளை எடுத்தாள். சூப்பில் ஒரு துளி, மீனில் ஒரு துணுக்கு, பலகையில் ஒரு சுரண்டல். மருந்துத் தண்ணீரில் கலக்கினாள். பட்டைகளை முக்கினாள்.

"என்ன மேடம் இது? எங்க வீட்டுக்காரி ஒரு தடவை இப்படி ஒண்ணை வெச்சுக்கிட்டுக் குதிச்சா. அடுத்த வருஷம் எனக்கு இரட்டைப் புள்ளைங்க."

"அதே மாதிரிதான். ஆனா இதுல ரெண்டு கோடு விழுந்தா யாரும் இனிப்புக் குடுக்க மாட்டாங்க."

ஐந்து நிமிடம்.

ஒரு கோடு. ஒரு கோடு. மறுபடியும் ஒரே கோடு.

சுத்தம்.

"குதிக்க வேண்டாம்," என்றாள்.

ஊதா பெருமூச்சு விட்டார். பிறகு புருவத்தைச் சுருக்கினார்.

"அப்ப ஒரு கேள்வி கேக்கட்டுமா? என் சாப்பாட்டைத் தவிர உங்க வாய்க்குள்ள வேற என்ன போகுது?"

"தண்ணி... மூடி போட்ட பாட்டில். பேஸ்ட்டு... நானே பார்த்து வாங்கினது. லிப்ஸ்டிக் போடறதில்லை. அப்புறம்..."

நிறுத்தினாள்.

இரும்புச்சத்து மாத்திரை.

தினமும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கணவன் கையால் கொடுப்பது. 'நீ மறந்துடுவே, நானே வெச்சுக்கறேன்' என்று டப்பாவைப் பெட்டியில் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டான். கல்யாண வாழ்க்கையில் அவன் செய்த ஒரே பணிவிடை. அக்காவிடம்கூடப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

எப்போதிலிருந்து?

எட்டு மாதமாக.



*

மறுநாள் காலை அவன் கொடுத்த மாத்திரையைக் கன்னத்தில் அடக்கினாள். தண்ணீரைக் குடித்தாள். துடைக்கிற சாக்கில் கைக்குட்டையில் துப்பினாள்.

மருத்துவ அறையில், கப்பல் டாக்டரம்மாவின் மேஜை மேல் அதைப் பிரித்தாள். கேப்ஸ்யூல் கூடு இரண்டாகப் பிளந்தது. இரும்பு என்றால் துருவின் நிறத்தில் இருக்க வேண்டும்.

வெள்ளையாகக் கொட்டியது. மாவு.

பட்டையை முக்கினாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இரண்டு கோடு.

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். அதற்குள் கோடு அழிந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

"இது விஷம் வெக்கறதுக்குச் சமம்மா. உங்க உடம்புக்கு இது விஷமேதான்."

"தெரியும் டாக்டர்."

"ஆனா இதை மட்டும் வெச்சு ஒண்ணும் செய்ய முடியாது. நீங்களே மாவை அடைச்சு நாடகம் ஆடறீங்கன்னு சொல்லிடுவாரு."

"கட்டாயம் சொல்லுவாரு. அவர் தொழிலே அதுதானே? ஒரு ஓட்டை இருந்தா அது வழியா யானையையே ஓட்டிட்டுப் போவாரு."

"அப்புறம்?"

அவள் கைக்குட்டையை நான்காக மடித்தாள். எட்டு மாதம்... குளியலறைத் தரையில் சுருண்டு கிடந்த ஒவ்வொரு காலையும் கண் முன்னால் வந்தது. கதவுக்கு வெளியே நின்று, 'மாத்திரை போட்டியாம்மா' என்று கேட்ட அந்தக் கனிவான குரலும் வந்தது.

அடுத்த முறை அந்தக் கதவுக்குள்ளே குழந்தை சுருண்டு கிடக்கும்.

"ஓட்டையை நாம அடைக்க வேண்டாம் டாக்டர். அவர் கையாலயே அடைக்க வெக்கறேன். நாளைக்கு ஒருநாள், நான் பைத்தியம்னு எல்லாரும் நம்பணும். நீங்களும் நம்பற மாதிரி நடிக்கணும்."

*

ஐந்தாம் நாள் காலை. சாப்பாட்டுக் கூடத்தில் இருநூறு பேர்.

மாமியார் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தட்டு பறந்தது.

"என்ன கலந்தீங்க அத்தை?"

"ஐயையோ, என்னடி இது?"

"தண்ணியில கலந்தீங்களா? பேஸ்ட்டுல கலந்தீங்களா? என் தலையணையைப் பிரிச்சு அதுக்குள்ள மாவைக் கொட்டினீங்களா? மாத்திரையில கலந்தீங்களா? ஜன்னல் வழியா ஊதி விட்டீங்களா?"

கரண்டிகள் நின்றன. யாரோ செல்போனைத் தூக்கினார்கள்.

"நாலு பேர் முன்னாடி ஏண்டி மானத்தை வாங்கறே? டேய், பாருடா இவளை. பெத்தவளைக் கொலைகாரிங்கறாடா உன் பொண்டாட்டி."

வக்கீல் எழுந்தான். முகத்தில் சோகம். கண்ணில் மட்டும் தீபாவளிக்கும் மேலான ஒரு வெளிச்சம்.

தலையணையாம். ஜன்னலாம். இதைவிட என்ன வேண்டும்?

"டாக்டர்," என்றான், இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்தவரிடம். "பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன் சார். ஆனா அவங்க பேரைச் சொல்லிக் குற்றம் சாட்டறாங்க. உங்கம்மாவை நான் விசாரிச்சே ஆகணும். கப்பல் விதி."

"எங்கம்மாவையா? அவங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

"எழுதிக் குடுப்பீங்களா?"

வக்கீலிடம் போய் எழுதிக் கொடுப்பீர்களா என்று கேட்டால்?

அரை மணி நேரத்தில் இரண்டு பக்கம். பத்தி பிரித்து, எண் போட்டு, அடிக்கோடிட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து.

*

மருத்துவ அறை. டாக்டரம்மா, மீசை வைத்த பாதுகாப்பு அதிகாரி, சாட்சிக்கு ஊதா. சுவரோரம் முக்காலியில் அவள், தலை கலைந்து. மாமியார் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

"படிச்சுக் காட்டறேன், சரியான்னு சொல்லுங்க," என்றார் அதிகாரி. "மூன்றாவது பத்தி. 'என் மனைவியின் மாத்திரைகள் எட்டு மாதங்களாக என் பொறுப்பில் மட்டுமே உள்ளன. நானே கடையில் வாங்கி, நானே பூட்டி வைத்து, என் கையாலேயே கொடுக்கிறேன். பெட்டியின் சாவி என் கழுத்தை விட்டு இறங்கியதில்லை. என் தாயாரோ, என் மனைவியோ, வேறு எவருமோ அதைத் தொட வழியே இல்லை.' சரிதானா?"

"வார்த்தைக்கு வார்த்தை."

"பின்னால மாத்திச் சொல்ல மாட்டீங்களே?"

"நான் வக்கீல் சார்."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "நல்லது. இன்னிக்கு மாத்திரை குடுத்தாச்சா?"

"இந்தக் கலாட்டால... இல்லை."

"ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு அவங்களுக்கு. என் முன்னாடியே குடுத்துடுங்களேன்."

ஒரு கணம் தயங்கினான். ஒரே கணம்தான். பிறகு கையோடு கொண்டுவந்திருந்த பூட்டிய பெட்டியை மேஜை மேல் வைத்து, சங்கிலியை இழுத்தான். பெட்டி. சாவி. டப்பா. ஒரு மாத்திரை.

"வாயைத் திறம்மா," என்றான், கனிவாக.

அவள் வாயைத் திறக்கவில்லை. கையை நீட்டினாள். வாங்கிய மாத்திரையை அப்படியே டாக்டரம்மாவின் வெள்ளைத் தட்டில் வைத்தாள். கலைந்த தலையை அள்ளி முடிந்துகொண்டாள்.

வக்கீலின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது.

"ஏய்... என்ன பண்றே?"

"உஷ். டாக்டர் வேலை பாக்கறாங்க."

கூடு பிளந்தது. வெள்ளை மாவு. பட்டை நனைந்தது.  ஊதா எட்டிப் பார்த்து, "ரெண்டு கோடு," என்றார், ஏலம் விடுகிறவர் மாதிரி.

"இது... இது இவ வேலை. இவதான் மாத்தி வெச்சிருக்கா."

அதிகாரி தாளை மெல்லத் திருப்பினார். "'என் மனைவியோ...' இருக்கே சார். 'தொட வழியே இல்லை.' அடிக்கோடு வேற போட்டிருக்கீங்க."

"கடைக்காரன்... தயாரிச்ச கம்பெனி..."

"அப்படியா? சார், அப்ப பெட்டிக்குள்ள அடியில இந்தக் காலிக் கூடெல்லாம் எதுக்கு? இந்தப் பொட்டலத்துல மாவு எதுக்கு?"

பெட்டி திறந்தே கிடந்தது. அவன் அதை மூட மறந்திருந்தான்.

"அம்மா. நீயாவது சொல்லும்மா."

மாமியார் முந்தானையை எடுத்தார். மகனைப் பார்த்தார். மீசையைப் பார்த்தார். ஒரு கணக்குப் போட்டார்.

"எனக்கென்னப்பா தெரியும்? சாவியை நீதானே கழுத்துல மாட்டிக்கிட்டுத் திரிஞ்சே. நான் பார்த்ததுகூட இல்லை."

பெற்ற வயிறு சாட்சி சொல்லிவிட்டது. வேறென்ன வேண்டும்?

அதிகாரி அவன் தோளில் கை வைத்தார். "கீழ்த் தளத்துல ஒரு அறை இருக்கு சார். ஜன்னல் கிடையாது. கரைக்குப் போற வரைக்கும் அங்கேதான். போலீசுக்குச் சொல்லியாச்சு. அவங்க துறைமுகத்துல நிப்பாங்க."

வாசல்படியில் அவன் திரும்பினான். சோகமும் இல்லை, கனிவும் இல்லை. இரண்டையும் கழற்றி எடுத்த பிறகு அடியில் இருந்த முகம் அது.

"குழந்தையை விட்டுடுவேன்னு நினைக்காதே. கோர்ட்டுக்கு வருவேன். அங்கே பாக்கறேன் உன்னை."

அவள் முக்காலியை விட்டு எழுந்தாள். இரண்டு பக்க வாக்குமூலத்தை எடுத்து, ஓரம் மடங்காமல் நீவினாள்.

"தாராளமா வாங்க. ஆனா வக்கீலை மட்டும் மாத்திடுங்க... இப்ப இருக்கறவரு கட்சிக்காரரையே உள்ளே தள்ளிட்டாரே?"