டிரம்ஸ் இல்லாத பாட்டு

காலைக் காபியைத் தொடாமலே சகாயராஜ் கேட்டார்.

"கன்னிவாடிக்குத் தங்கச்சியப் பாக்கப் போனேன்னியே... நேத்து பஸ் ஸ்டாண்டுல அவளப் பாத்தேன். அக்கா மூஞ்சியப் பாத்தே மாசக்கணக்காச்சுங்குறா. எங்க போன?"

மனைவி வினோலியா அடுப்பைத் துடைத்தாள். மகனின் பாட்டு ஆல்பம் வெளிவரும்வரை வாய் திறப்பதில்லை என்று அவனுக்குச் சொல்லியிருந்தாள்.

"பொய்யும் பழகிட்ட! தவக்காலம்னு கோயில்லயே கீபோர்ட மூடி வச்சிருக்கோம். பாட்டுக்குழுத் தலைவன் வீட்டுல டிரம்ஸ் சத்தம்! எல்லாம் நீ குடுக்குற எடம்!"

மகன் செலஸ்டினின் பங்க் ராக் குழுவுக்குப் பெயர் முள்முடி. சேசுவைத் தொண்டை கிழியக் கூப்பிடுவார்கள்.

"வந்துருச்சும்மா! நம்ம மொத ஆல்பம்!" செலஸ்டின் போனோடு ஓடிவந்தான்.

"குடுறா. என்னதான் கத்தியிருக்கீங்கன்னு பாப்போம்."

ஒவ்வொரு பாட்டையும் பாதியில் தள்ளினார்.

"இது செபமா, சண்டையா?"

"பைபிள் சங்கீதத்துல தாவீது சாமிகிட்ட சண்ட போடலையாப்பா?"

"வாய மூடு!"

கடைசிப் பாட்டு வந்தது. டிரம்ஸ் இல்லை, கிடார் இல்லை. பெரிய வெள்ளிப் புலம்பல். சிலுவையடியில் ஒரு தாய் அழுகிறாள். கரகரத்த குரல். 'மகனே' என்ற இடத்தில் உடைந்தது.

சகாயராஜின் விரல் நின்றது.

அந்த உடைசல் அவருக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் பாட்டுக்குழுவின் முன்வரிசையில் நின்றவளைப் பின்னால் தள்ளியவர் அவர்தான். 'குரல் உடையுது. வாய மட்டும் அசை.' அன்று முதல் ஒவ்வொரு ஞாயிறும் அவள் வாயை மட்டும்தான் அசைத்தாள்.

"மதுர ஸ்டுடியோவுக்கு அம்மாவ நாந்தாம்ப்பா கூட்டிட்டுப் போனேன்" என்றான் செலஸ்டின். "தவக்காலத்துல பாடுறேன், டிரம்ஸ் வேணாம்னுட்டாங்க."

சகாயராஜ் மறுபடி அதே பாட்டைப் போட்டார். 'மகனே' வந்ததும் முகத்தை மூடிக்கொண்டார்.

"வினோலியா... நாளைக்குப் பெரிய வெள்ளி. கோயில்ல முன்னால நின்னு நீ பாடு..."

"இப்பத்தான் கேட்டுச்சா?" கையிலிருந்த துணியை வீசினாள். "பக்கத்துலயே கெடந்தேனே! இந்தப் பொட்டிக்குள்ள போய்ப் பாடுனாத்தான் கேக்குமா உங்களுக்கு?"

அழுகை பொங்கியது. அவர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தார்.

"தப்புதான்... தப்புதான் தாயி."

அவள் கையை உருவிக்கொள்ளவில்லை.

"பாடுறேன். அந்த எடத்துல உடையத்தான் செய்யும்."

"உடையட்டும்."

"நாளைக்கு விரதக் கஞ்சி நீங்க காச்சுங்க."

அவர் தலையாட்டினார். ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தார். சூடு பண்ணித் தரட்டுமா என்று அவள் கேட்கவில்லை.