எண்ணுக்கு உரியவர்

கதவைப் பிளந்துகொண்டு வந்தவர்கள் ரொசாரியோவின் சட்டையைப் பிடித்து இழுத்து முற்றத்தில் போட்டார்கள். முதல் அடி வாயில் விழுந்தது. இரண்டு பற்கள் போயின.

தூத்துக்குடியில் இதற்கெல்லாம் இப்போது போலீஸ் வருவதில்லை. உடையவர்காட்டி என்ற கருவி வந்த பிறகு அவர்களுக்கு வேலை மிச்சம். இணையத்தில் எவன் எதை எழுதினாலும் கருவியை அதன்மேல் காட்டினால் போதும். எழுதிய இணைப்பின் எண், அதற்கு உரியவர் பெயர், வீட்டு விலாசம் எல்லாம் வந்துவிடும். அப்புறம் ஜனங்களே கம்பை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

அந்தக் கருவியைச் செய்து புண்ணியத்தைக் கட்டிக்கொண்டவள் ரொசாரியோவின் மனைவி ஜெசிந்தா. இணைய எண் வாடகை வீடு மாதிரி, ஆள் மாறிக்கொண்டே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இணையப் பெட்டியை அணைத்தால் போதும், எண் வேறு வீட்டுக்குப் போய்விடும். எழுதிய அன்று அது யாரிடம் இருந்தது என்றுகூடக் கருவி முதலில் சொல்லத்தான் செய்தது. வாங்கியவர்கள் குழப்பமாக இருக்கிறது, ஒரே பெயர் போதும் என்றார்கள். அவளும் சரி என்றாள். வெட்கங்கெட்ட சரி.

கூட்டத்துக்கு முன்னால் நின்றவன் துரைசிங்கம். எவனோ அசிங்கமாக எழுதியதில் அவன் தங்கை காலையில் உயிரை விட்டிருந்தாள். எழுதியது போன வாரம், எண் இங்கே வந்தது நேற்றுத்தான் என்று ஜெசிந்தா அவன் காலைப் பிடித்துக் கதறினாள்.

“நீங்க செஞ்ச மெஷின்தானக்கா சொல்லுது” என்று அவன் அரிவாளை ஓங்கினான்.

அவள் உள்ளே ஓடிப் பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். எண் அந்தரத்தில் நிற்காது, எங்கோ ஒரு வீட்டுக்குப் போகும். தெரிந்தேதான் பிடுங்கினாள். கருவியை மறுபடி காட்டிப் பார்க்கச் சொல்லிக் கத்தினாள்.

துரைசிங்கம் பார்த்தான். ரொசாரியோவைத் தூக்கி உட்காரவைத்து, தன் துண்டாலேயே ரத்தத்தைத் துடைத்தான்.

“மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி. ஆளு எஸ்தர் டீச்சராம்.”

டீச்சர் வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. கூட்டம் ஓடியது. ஜெசிந்தா டீச்சருக்குப் போன் போட்டு, நடந்ததைச் சொல்லி, உடனே வயரைப் பிடுங்கச் சொன்னாள்.

“பிடுங்குனா அது அடுத்து யார் வீட்டுக்குப் போகும், ஜெசி?”

டீச்சர் வாசலில் ஆள் வந்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனை மேசைமேல் வைத்தார்.

அவர் வயரைப் பிடுங்கவில்லை. போனையும் அணைக்கவில்லை. அந்த வீட்டில் நடந்ததையெல்லாம் ஜெசிந்தா கடைசிவரை கேட்டாள்.