காலி அறையின் ஒலி

ஆளில்லாத அறையில் யாரோ செருப்பைத் தேய்த்து நடந்தார்கள்.

அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். சுவர்க்கடிகாரத்தின் டிக்டிக், சரியாக மூடாத குழாயிலிருந்து வாளிக்குள் விழும் சொட்டு, எங்கோ தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள், இவை எல்லாவற்றுக்கும் அடியில், தரையோடு தரையாக, ஒரு கால் ஊன்ற மறு கால் இழுபடும் சத்தம். சர்ரக். நின்றது. மறுபடி சர்ரக்.

காலையில் சித்தி வீட்டுக் கூடத்தில் எடுத்த பதிவு அது. இடிக்கப்போகிற ஒரு தெருவைப் பற்றிய ஆவணப்படம். எந்த வீட்டில் படம்பிடித்தாலும் கடைசியில் எல்லாரையும் வெளியே அனுப்பி, கதவைச் சாத்தி, அந்த அறையின் வெறும் அமைதியை ஒரு நிமிடம் பதிவு செய்வார்கள். பேச்சை வெட்டுகிற இடங்களில் அதை வைத்துத்தான் ஒட்டுப்போட வேண்டும். ஒலி முழுக்க அவள் பொறுப்பு.

அந்த ஒரு நிமிடமும் சித்தி அவளோடு வாசலில்தான் இருந்தாள். வலிக்கிற முழங்காலுக்குத் தாங்கலாக அவள்மேல் சாய்ந்துகொண்டு.

"சும்மா கெடக்குற வீட்டை எதுக்குடி பதிவு பண்றீங்க?"

"அதுவும் வேணும் சித்தி."

"சும்மா இருக்கிறதுக்கு ஒரு பட்டம், அதுக்கு ஒரு மைக்கு! இதுக்கா உன்னைக் காலேஜுக்கு அனுப்பினேன்?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கேமராக்காரர் அதையும் எடுத்துக்கொண்டார்.

இப்போது அந்தக் காலின் இழுப்பு, கூடத்துக்குள்ளிருந்து கேட்டது.

ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கி, போனை எடுத்துச் சித்திக்கு அடித்தாள். மணி போனது. ஹெட்போன் மூடியிருந்த காதிலும் மணி போனது. பதிவுக்குள்ளே, கடிகாரத்துக்கும் குழாய்க்கும் நடுவே, சித்தியின் போன் அடித்துக்கொண்டிருந்தது. பதிவை நிறுத்தினாள். அந்தக் காதில் மணி நின்றது. ஓட விட்டாள். மணி கேட்டது.

போனைத் துண்டித்தாள்.

அந்தத் தெருவில் முதலில் எடுத்த கம்பவுண்டர் வீட்டுப் பதிவிலும் ஒரு இருமல் இருந்தது. பக்கத்து வீட்டுச் சத்தம் என்று நினைத்து, இரைச்சலைத் துடைக்கும் மென்பொருளில் போட்டுத் துடைத்தாள். தையல்காரம்மா வீட்டில் மிஷின் மிதிக்கும் சத்தம். அதையும் துடைத்தாள். நல்ல சுத்தம் என்று இயக்குநர் முதுகில் தட்டிக்கொடுத்தார். துடைத்த மறுநாளே இரண்டு வீடுகளிலும் பூட்டு தொங்கியது. வேறு இடம் கிடைத்துப் போய்விட்டார்கள் என்றும் அவர்தான் சொன்னார். தீப்பெட்டி வாங்கப் போனாலும் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகிற தெரு அது. அவள் பிறந்து வளர்ந்த தெரு. அங்கே இரண்டு குடும்பம் வாயைத் திறக்காமல் போயிருக்கிறது, அவள் நம்பியிருக்கிறாள்.

ஏன் நம்பினாள்? வாய் நிறைய 'தங்கச்சி' என்று கூப்பிட்டாரே. 'இந்தப் படம் வெளிய வந்துட்டா ஒரு செங்கல்லை எவனும் தொட முடியாது' என்றாரே. அதைத்தான் அவள் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். அவருக்கு ஒரு கதவும் திறக்கவில்லை. அவள் முகத்துக்குத்தான் திறந்தது. கடைசிவரை பிடிவாதமாக இருந்த சித்திகூட, 'நீ கேக்குறியேன்னு சரிங்கறேன்' என்றாள்.

பின்னால் எடிட்டிங் அறையின் கதவு திறந்தது. இயக்குநர், கையில் காப்பிக் கோப்பையோடு.

"சித்தி வீட்டு ஆடியோவைத் துடைச்சாச்சா?"

"அதுல ஆள் இருக்காங்க சார்." அண்ணா என்று வரவில்லை.

"இருக்கும்." அவர் கோப்பையை ஊதி ஒரு வாய் குடித்தார். "அதனாலதானே துடைக்கச் சொல்றேன்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் வீட்டுலயே கேட்டுட்டேன்."

"தெருவைக் காப்பாத்தத்தான் படம்னீங்களே!"

"காப்பாத்துறோமே. படத்துல எவ்வளவு அழகா இருக்கு பாரு. படம் எடுக்கச் சொன்னவங்களுக்கு இடம் காலியா வேணுமாம். உங்க ஆளுங்க லேசுல நகருவாங்களா, சொல்லு?"

"த்தூ. நீயெல்லாம் மனுஷனா? அவங்க என் சித்திய்யா!"

"தெரியும்மா. நீ செய்யமாட்டேன்னும் தெரியும்." குரலில் கோபமே இல்லை. "அதான் பக்கத்து ரூம்ல நானே துடைக்கப் போட்டுவிட்டுட்டு வந்தேன்."

அவள் திரையைப் பார்த்தாள். ஒலிக்கோடு இடது ஓரத்திலிருந்து தட்டையாகிக்கொண்டே வந்தது.

ஓடினாள். பக்கத்து அறை பூட்டியிருந்தது. உதைத்தாள். தோளால் இடித்தாள். உள்ளே ஒரு கணினி மட்டும் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து ஹெட்போனை மாட்டினாள். கிடைத்த பொத்தானையெல்லாம் அடித்தாள். எதற்கும் அது நிற்கவில்லை.

பதிவில் மோட்டார் சைக்கிள் சத்தம் போயிருந்தது. சொட்டு நின்றது. கடிகாரம் நின்றது.

"பாப்பா..."

சித்திதான். ஹெட்போனுக்குள், கூடத்துக் கதவுக்கு மிக அருகில்.

"பாப்பா, கதவைத் தெறடி. எவ்வளவு நேரம் நிக்கிறது? கால் வலிக்குது."

"சித்தி! சித்தி, நான் இங்கதான் இருக்கேன்!"

"நீதானே உள்ள இருக்கச் சொன்ன..."

"இல்ல சித்தி. நான் சொல்லல. நான் சொல்லவே இல்ல!"

உள்ளங்கையால் கதவைத் தட்டும் சத்தம். தட். தட். பிறகு நகத்தால் சுரண்டுவது போல. பிறகு மூச்சு மட்டும்.

பிறகு அதுவும்.

கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நேராகக் கிடந்தது. வெறும் அறைக்குக்கூட ஒரு சத்தம் உண்டு. இதில் அதுவும் இல்லை.

"நல்ல சுத்தம்," என்றார் இயக்குநர்.

அவள் மெதுவாகத் தலையைத் திருப்பினாள். பக்கத்துத் திரையில் காலைக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. வெயில் விழுந்த வாசல். சாத்திய கதவு. அதன் முன்னே அவள் மட்டும் நின்றிருந்தாள். வலது கை காற்றில் வளைந்து, ஒரு தோளின் அகலத்துக்கு எதையோ அணைத்திருந்தது. உடம்பு ஒரு பக்கமாக, யாருடைய பாரத்தையோ தாங்குவது போலச் சாய்ந்திருந்தது.

அந்த வெற்றிடத்தைப் பார்த்து அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.