முதுகு காட்டி நின்றவன்

எண்ணெய்த் துணி தகட்டில் சிக்கியது. சிக்குவதற்கு அதில் ஒன்றும் இல்லை என்பது கடைக்காரருக்கு நன்றாகவே தெரியும். காலையில் பாலிஷ் மோட்டாரில் கொடுத்து அதை மழுமழுவென்று ஆக்கியதே அவர்தான்.

பழைய வேட்டைத் துப்பாக்கிகளைப் புதுப்பித்துத் தருகிற கடை அது. வீட்டின் பின்புறம், தகரக் கூரை போட்ட நீளமான அறை; உள்ளே எப்போதும் ஆளிவிதை எண்ணெயும் இரும்புத் தூளும் கலந்த வாசனை. கழற்றுவதும் துரு எடுப்பதும் கடைக்காரர். கட்டை வேலைக்கு ஒரு தச்சர், செதுக்கு வேலைக்கு மனைவியின் அண்ணன். எந்த வேலைக்கு எந்தக் கை என்று பார்த்து எடுப்பதில் அவர் கண் தப்பாது என்று ஊரெல்லாம் பேச்சு. மச்சானை மட்டும் சொந்தக்காரர் என்பதற்காக எடுத்தார் என்பார்கள். உண்மையில் அந்தக் கைக்கு ஈடான கை சுற்றுவட்டாரத்தில் இல்லை.

மச்சான் வைத்த சட்டம் ஒன்று உண்டு. சித்திரம் உள்ள தகட்டை முதலில் விளக்குப் புகையில் காட்டிக் கரியேற்ற வேண்டும். மேலே துடைத்துவிட்டு, கோடுகளில் தங்கிய கரியை மெல்லிய தாளில் ஒற்றிப் படி எடுக்க வேண்டும். தேய்ந்த கோடுகளை அந்தப் படியைப் பார்த்துத்தான் திரும்ப வெட்டுவார். "படி எடுக்காம மோட்டார் பக்கம் போயிடாதீங்க மாப்பிள்ளை" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

ஊர் வக்கீலம்மா புதுப்பிக்கக் கொடுத்திருந்த, அவர் அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியின் பக்கத் தகட்டில் ஒரு காட்டோரம் செதுக்கியிருந்தது. புல், நாய், எழும்பிப் பறக்கும் பறவைகள், நமக்கு முதுகு காட்டி நிற்கும் வேட்டைக்காரன். மேலாக லேசான துரு. இதற்கெல்லாம் யார் படி எடுத்துக்கொண்டிருப்பது என்று நினைத்த கடைக்காரர் தகட்டை மோட்டாரில் கொடுத்தார். நிமிர்ந்து பார்த்தபோது காடும் இல்லை, ஆளும் இல்லை.

மாலையில் வக்கீலம்மா போன் செய்தார். அப்பாவின் மற்ற துப்பாக்கிகளையும் மச்சானிடமே கொடுப்பதாக இருந்தவர்.

"செதுக்குறவர்கிட்ட கொடுத்தேங்கம்மா. கை தவறி சித்திரம் அழிஞ்சுபோச்சு" என்றார் கடைக்காரர். நாக்கூசாமல் வந்தது.

"அப்ப மத்ததுக்கு வேற ஆளைப் பாருங்க."

"பாக்கறேங்க."

போனை வைத்துவிட்டு, முகம் எரிய, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தகட்டை எடுத்துத் துடைத்தார். அப்போதுதான் துணி சிக்கியது.

விரலால் தடவினார். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. விளக்கேற்றி, கரியேற்றி, தாளை வைத்து ஒற்றினார். தாளில் புல் இருந்தது. நாயின் கால்கள் இருந்தன. அப்பாடா, ஆழமாகத் தேயவில்லை, தப்பித்தேன் என்று ஒரு நொடி நெஞ்சு குளிர்ந்தது. பிறகு தாளின் ஓரத்தில் பதிந்திருந்த தன் கட்டைவிரல் அடையாளத்தைப் பார்த்தார். வெறும் கரிப்பொட்டு. அதில் ஒரு ரேகைகூட இல்லை. பூதக்கண்ணாடியை வைத்தபோது புல்லின் ஒவ்வொரு இதழும் விரல் ரேகைபோலச் சுழிசுழியாக வளைந்திருந்தது.

மனைவி டீயோடு வாசலில் நின்றாள். "என்னங்க, வக்கீலம்மா பேசினாங்களா? அண்ணன் கேட்டுக்கிட்டே இருக்காரு. இந்த வேலை வந்துட்டா குடும்பத்தை விட்டுட்டு வெளியூர் ஃபேக்டரிக்குப் போக வேண்டாம்னு பாக்குறாரு."

"இன்னும் பேசலை."

அவள் நம்பிவிட்டுப் போனாள். அவள் நம்பியதுதான் அவரைப் பிடுங்கித் தின்றது. டீயைத் தொடவில்லை. தகட்டை மூடியிருந்த துணிக்கு அடியிலிருந்து மெல்லிய சத்தம் வந்தது. க்ரிச். க்ரிச். உளி இரும்பில் ஓடும் சத்தம். மச்சானின் மேசையருகே நின்று அவர் பல வருடம் கேட்ட சத்தம்.

துணியை எடுத்ததும் நின்றுவிட்டது. மறுபடி ஒற்றினார். பறவைகள் வந்திருந்தன. மரங்களும் வந்திருந்தன, பட்டையின் வரிகள் ஒன்றையொன்று வெட்டி ஓடின. வேட்டைக்காரன் தோளைத் திருப்பியிருந்தான். கடைக்காரர் உள்ளங்கையை விளக்கில் காட்டினார். ஒரு வரியும் இல்லாமல் அது பளபளத்தது.

போன் அடித்தது. தச்சர்.

"என்னங்க, உங்க மச்சான் தகட்டைக் கெடுத்துட்டாராமே? வக்கீலம்மா வீட்ல பேசிக்கிட்டாங்க."

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தச்சர் காத்திருந்தார்.

"ஆமா" என்றார் கடைக்காரர்.

க்ரிச். க்ரிச். இப்போது துணியை எடுத்தும் நிற்கவில்லை. வெட்கமா பயமா என்று பிரிக்க முடியாமல் உடம்பு கூசியது. வழவழத்த விரல்களில் தாள் இரண்டு முறை நழுவியது. ஒற்றினார். உரித்தார்.

வேட்டைக்காரன் முன்னால் திரும்பி நின்றான். கண்ணோரச் சுருக்கங்கள். புருவத்தை வெட்டி ஓடும் தழும்பு, சின்ன வயதில் கதவில் மோதியது. வாய் மட்டும் இன்னும் வெட்டப்படவில்லை. கடைக்காரர் தன் புருவத்தைத் தொட்டார். தழும்பு இல்லை. புருவமும் இல்லை.

வெளியே செருப்புச் சத்தம். கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது.

"மாப்பிள்ளை." மச்சானின் குரல். கோபம் இல்லை, அதுதான் தாங்கவில்லை. "நான் கெடுத்துட்டேன்னு வக்கீலம்மா சொல்றாங்க. அந்தத் தகட்டை நான் கண்ணால கூடப் பாக்கலையே. வேற யாரோ எதையோ சொல்லியிருக்காங்க. மாப்பிள்ளை அப்படிச் சொல்ற ஆளில்லைன்னு தங்கச்சிகிட்ட சொல்லிட்டு வர்றேன்."

போதும். சொல்லிவிட வேண்டும். நான்தான் மச்சான், நான்தான். வார்த்தை நெஞ்சிலிருந்து ஏறி வந்தது. தொண்டையைத் தாண்டியது.

அதற்கு மேல் வழியில்லாமல் முட்டி நின்றது.

தடவிப் பார்த்தார். மூக்குக்குக் கீழே ஒன்றுமில்லை. தாடை வரை வழவழப்பு. சில்லென்று. எண்ணெய்ப் பிசுக்கோடு.

உளிச்சத்தம் நின்றிருந்தது. இனி ஒற்ற வேண்டிய தேவையில்லை. விளக்கொளியில் தகடே காட்டியது. அவருடைய முகம். அவருடைய வாய், அகலத் திறந்து, பல் பல்லாக வெட்டப்பட்டு, கத்திக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது. கடைக்காரர் தகட்டை இரண்டு கையாலும் நீட்டினார். இதைப் பார்த்தால் மச்சானுக்குப் புரிந்துவிடும். அவர் கண்ணுக்குத் தெரியாத கோடு கிடையாது.

மச்சான் தகட்டைப் பார்க்கவே இல்லை. நீட்டியவரையே பார்த்தபடி வாசற்படியில் ஒரு கால் பின்வாங்கினார்.

"யாருங்க நீங்க?" என்றார். "மாப்பிள்ளை எங்க?"